நீச்சல் குளத்து பம்ப்: பிரஷர் மீட்டரின் முள் என்ன சொல்கிறது?

பெங்களூரு, ஹைதராபாத், புனே, கோவா பக்கமெல்லாம் நீச்சல் குளம் உள்ள வீடு இப்போது பெரிய ஆச்சரியம் இல்லை. வில்லா வாங்கியவர்கள், வாடகைக்கு எடுத்தவர்கள், 20, 30 குடும்பங்கள் உள்ள சின்ன அபார்ட்மென்டில் சங்கப் பொறுப்பு தலையில் வந்து விழுந்தவர்கள் எனப் பலருக்கும் குளத்தைத் தெரியும். ஆனால் குளத்துக்குப் பக்கத்திலோ கீழேயோ இருக்கும் பம்ப் ரூமைத் தெரியாது. அது பிளம்பரின் ராஜ்ஜியம். தண்ணீர் பச்சையாக மாறும்போதோ, கரண்ட் பில் எகிறும்போதோதான் அந்தக் கதவைத் திறப்போம்.

அப்போது வரும் முதல் யோசனை பெரும்பாலும் இதுதான்: "பிரஷர் பத்தல சார், பெரிய மோட்டாரா போட்டுடலாம்."

சரி, அது உண்மையா? பிரஷர் என்பது எதைக் குறிக்கிறது? எப்போது பேக்வாஷ் செய்ய வேண்டும், அதற்கு எவ்வளவு தண்ணீர் போகும், மின்சாரத்தில் எவ்வளவு மிச்சம் பிடிக்கலாம், எந்தத் தவறு உயிருக்கே ஆபத்து? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

தண்ணீர் எந்த வழியாகப் போகிறது?

குளத்தின் மேல் ஓரத்தில் இருக்கும் ஸ்கிம்மர், தரையில் இருக்கும் மெயின் டிரெய்ன் என்று இரண்டு வழிகளில் பம்ப் தண்ணீரை உறிஞ்சுகிறது. பம்ப்பின் முன்பக்கம் ஒரு வடிகூடை இருக்கும். இலை, முடி, பேண்ட் எய்ட் எல்லாம் அதில் தங்கும். அங்கிருந்து தண்ணீர் பம்ப்பின் உள்ளே சுழலும் இம்பெல்லருக்குப் போய், வேகம் பிடித்து, மணல் ஃபில்டருக்குள் தள்ளப்படுகிறது. மணலில் அழுக்கு தங்கிவிட, சுத்தமான தண்ணீர் சுவரில் உள்ள துளைகள் வழியாகக் குளத்துக்குத் திரும்புகிறது.

ஃபில்டரின் தலையில் பல கைப்பிடி நிலைகள் கொண்ட ஒரு வால்வ் இருக்கும். அதுதான் மல்டிபோர்ட் வால்வ். அதன் பக்கத்தில் உள்ள சின்ன வட்ட மீட்டர்தான் பிரஷர் கேஜ். இந்தக் கட்டுரையின் கதாநாயகன் அதுதான்.

பிரஷர் அதிகம் என்றால் பம்ப் நன்றாக வேலை செய்கிறதா?

இல்லை. பலர் குழம்பும் இடம் இதுதான். அந்த மீட்டர் பம்ப்பின் பலத்தைக் காட்டுவதில்லை. பம்ப்பைத் தாண்டிய பிறகு தண்ணீர் சந்திக்கும் தடையைக் காட்டுகிறது. தோட்டத்து ஹோஸின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் உள்ளே அழுத்தம் கூடும், ஆனால் வாளி நிரம்ப அதிக நேரம் ஆகும். ஃபில்டரிலும் அதேதான் நடக்கிறது. மணலில் அழுக்கு சேரச் சேர முள் மேலே ஏறும், குளத்துக்குத் திரும்பும் தண்ணீர் குறையும்.

அதனால் "எத்தனை பார் இருந்தால் நல்லது?" என்ற கேள்விக்கு எல்லாக் குளத்துக்கும் பொதுவான ஒரே பதில் கிடையாது. பல வீட்டுக் குளங்களில், ஃபில்டர் சுத்தமாக இருக்கும்போது முள் 0.5 முதல் 1 பார் வரை எங்காவது நிற்கும். மீட்டரில் பிஎஸ்ஐ இருந்தால் 1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ. சதுர சென்டிமீட்டருக்குக் கிலோ என்று இருந்தால், அந்த எண்ணை பார் என்றே எடுத்துக்கொள்ளலாம், வித்தியாசம் 2 சதவீதம்தான்.

உங்கள் குளத்துக்கான எண்ணை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். பேக்வாஷ் முடிந்த உடனே, எல்லா வால்வும் வழக்கமான நிலையில் இருக்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அந்த எண்ணை மார்க்கரால் ஃபில்டரின் மேலேயே எழுதி வையுங்கள். இதுதான் அடிப்படை அளவு. இனி எல்லாவற்றையும் இதோடுதான் ஒப்பிடப் போகிறோம்.

முதலில் மீட்டரே சரியாக இருக்கிறதா?

வெயிலிலும் குளோரின் வாடையிலும் கிடக்கும் மீட்டர் சீக்கிரம் கெட்டுப்போகும். பம்ப்பை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பம்ப் தரைமட்டத்தில் குளத்தின் உயரத்திலேயே இருந்தால் முள் பூஜ்ஜியத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பவில்லையென்றால் மீட்டரை மாற்றுங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. பம்ப் ரூம் குளத்துக்குக் கீழே இருந்தால், பம்ப் ஓடாதபோதும் மேலே நிற்கும் தண்ணீரின் எடை மீட்டரில் தெரியும். 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஏறத்தாழ 1 பார். எனவே குளத்தின் நீர்மட்டத்துக்கு 2 மீட்டர் கீழே மீட்டர் இருந்தால், பம்ப் ஓடாதபோதும் அது 0.2 பார் காட்டுவது சரியே.

முள் மேலே ஏறினால்?

அடிப்படை அளவைவிட சுமார் 0.5 பார் ஏறினால் பேக்வாஷ் நேரம் என்பது பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் கணக்கு. உதாரணமாக 0.7 பார் உங்கள் அடிப்படை என்றால், 1.2 பார் தொட்டதும் செய்யலாம். பேக்வாஷ் செய்தும் முள் இறங்கவில்லை என்றால் மூன்று காரணங்களைப் பாருங்கள்.

ஒன்று, குளத்துக்குத் திரும்பும் குழாயின் வால்வை யாராவது பாதி மூடியிருக்கலாம். இரண்டு, மணல் இறுகிப் போயிருக்கலாம். போர்வெல் தண்ணீரிலும் டேங்கர் தண்ணீரிலும் சுண்ணாம்புச் சத்து அதிகம். பிஹெச் அளவும் தொடர்ந்து ஏறியே இருந்தால் அது மணலில் படிந்து கட்டியாகும், பிறகு எத்தனை முறை பேக்வாஷ் செய்தாலும் அழுக்கு வெளியேறாது. மூன்று, மணல் பழையதாகியிருக்கலாம். பயன்பாட்டைப் பொறுத்து 5 ஆண்டுகளை ஒட்டி ஃபில்டரைத் திறந்து பார்ப்பது நல்லது.

முள் கீழே இறங்கினால்?

இது இன்னும் கவனிக்க வேண்டியது. பம்ப்புக்குப் போதுமான தண்ணீர் வரவில்லை என்று அர்த்தம். எளிதானதில் ஆரம்பித்து இந்த வரிசையில் பாருங்கள்:

1. குளத்தின் நீர்மட்டம். ஸ்கிம்மர் வாயின் பாதிக்குக் கீழே இறங்கினால் பம்ப் தண்ணீரோடு காற்றையும் உறிஞ்சும்.
2. ஸ்கிம்மர் கூடை, பம்ப் கூடை. இரண்டையும் காலி செய்யுங்கள்.
3. பம்ப் மூடியின் ரப்பர் வளையம், அதாவது ஓ ரிங். இதில் விரிசல் இருந்தாலோ மணல் துகள் ஒட்டியிருந்தாலோ காற்று உள்ளே போகும். பம்ப்பின் கண்ணாடி மூடிக்குள் குமிழிகள் ஓடுவதும், முள் நடுங்குவதும், குளத்துக்குள் குமிழி வருவதும் இதன் அடையாளம். வளையத்துக்கு சிலிக்கான் கிரீஸ் மட்டும் போடுங்கள். கைக்குக் கிடைத்த வண்டி கிரீஸைப் போட்டால் ரப்பர் ஊதிக் கெட்டுவிடும்.
4. உறிஞ்சும் பக்கத்து வால்வ் முழுதாகத் திறந்திருக்கிறதா?
5. இம்பெல்லரில் முடி, நார் சிக்கியிருக்கிறதா? இதைப் பார்க்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்தே ஆக வேண்டும்.

பம்ப்புக்குள் கூழாங்கல் உருள்வது போலச் சத்தம் கேட்டால், அதுவும் தண்ணீர் பற்றாக்குறையின் குரல்தான். உறிஞ்சும் பக்கம் அழுத்தம் மிகவும் குறையும்போது தண்ணீருக்குள்ளேயே நீராவிக் குமிழிகள் உருவாகி உடைகின்றன. அந்தச் சின்னச் சின்ன வெடிப்புகள் இம்பெல்லரை அரித்துவிடும். தண்ணீரே இல்லாமல் பம்ப் ஓடினால் நிலைமை இன்னும் மோசம். தண்ணீரால்தான் குளிர்ச்சியடையும் மெக்கானிக்கல் சீல், சில நிமிடங்களிலேயே சூடாகிக் கருகலாம். மோட்டாருக்கும் பம்ப்புக்கும் நடுவிலிருந்து தண்ணீர் சொட்டினால் சீல் போய்விட்டது என்று பொருள். "சொட்டுதானே" என்று விட்டால் அடுத்து பேரிங், அதற்கடுத்து மோட்டார் போகும்.

ஒரு எச்சரிக்கை. பம்ப் ரூம் குளத்தைவிடக் கீழே இருந்தால், கூடையைச் சுத்தம் செய்ய மூடியைத் திறக்கும் முன் உறிஞ்சும் பக்கம், திரும்பும் பக்கம் இரண்டிலும் வால்வை மூட வேண்டும். மறந்தால் குளத்துத் தண்ணீர் பம்ப் ரூமுக்குள் கொட்டும், அதுவும் மின் இணைப்புகள் இருக்கும் அறைக்குள்.

பேக்வாஷ் எப்படி, எவ்வளவு தண்ணீர்?

முறை எளிது. பம்ப்பை நிறுத்துங்கள். மல்டிபோர்ட் கைப்பிடியை அழுத்தி பேக்வாஷ் நிலைக்குத் திருப்புங்கள். பம்ப்பை ஓட விடுங்கள். கண்ணாடிக் குமிழில் தண்ணீர் தெளியும் வரை, பொதுவாக 2, 3 நிமிடங்கள் காத்திருங்கள். மறுபடி நிறுத்தி, ரின்ஸ் நிலையில் அரை நிமிடம் ஓட்டி, மீண்டும் நிறுத்தி, ஃபில்டர் நிலைக்குத் திரும்புங்கள். பம்ப் ஓடும்போது கைப்பிடியைத் திருப்பவே கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் பிய்ந்துவிடும். அதன் பிறகு நல்ல தண்ணீர் சத்தமே இல்லாமல் கழிவுக் குழாயில் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

இப்போது கணக்கு. உங்கள் பம்ப் மணிக்கு 10,000 லிட்டர் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். 3 நிமிட பேக்வாஷுக்கு 500 லிட்டர், அரை நிமிட ரின்ஸுக்கு 80 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். மொத்தம் சுமார் 580 லிட்டர். இந்திய நகரக் குடிநீர்த் திட்டங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது பரவலாகப் பயன்படும் அளவுகோல். அதன்படி ஒரு பேக்வாஷ் என்பது 4 பேர் கொண்ட குடும்பத்தின் ஒரு நாள் தண்ணீரைவிட அதிகம்.

அதனால்தான் "வாரா வாரம் சனிக்கிழமை பேக்வாஷ்" என்ற பழக்கத்தை மாற்றச் சொல்கிறோம். காலண்டரைப் பார்க்காமல் முள்ளைப் பாருங்கள். தண்ணீர் மிச்சமாவது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மணலில் லேசாக அழுக்கு படிந்திருக்கும்போதுதான் ஃபில்டர் இன்னும் நுண்ணிய துகள்களைப் பிடிக்கும். தேவையில்லாமல் அலசினால் அந்தப் பலன் போய்விடும்.

இது வெறும் சிக்கன அறிவுரை அல்ல. 2024 மார்ச் மாதம் தண்ணீர்த் தட்டுப்பாடு உச்சத்தில் இருந்தபோது, பெங்களூரு குடிநீர் வாரியம் நீச்சல் குளங்களுக்குக் குடிநீரைப் பயன்படுத்தத் தடை விதித்து, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தது. பக்கத்து வீடு டேங்கருக்குக் காத்திருக்கும்போது உங்கள் கழிவுக் குழாயில் தண்ணீர் ஓடினால், அது அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் அன்றே வந்துவிடும்.

இன்னொரு கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம் உள்ள குளத்தின் பரப்பு 32 சதுர மீட்டர். கோடையில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் 160 லிட்டர் போய்விடும். நீர்மட்டம் அதைவிட வேகமாக இறங்குகிறதா என்று சந்தேகமா? ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பி குளத்தின் படியில் வையுங்கள். வாளிக்கு உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டு ஒரு நாள் கழித்துப் பாருங்கள். வாளியைவிடக் குளம் அதிகம் இறங்கியிருந்தால் கசிவு இருக்கிறது.

பெரிய மோட்டார் போட்டால் சரியாகுமா?

மேலே சொன்ன குளத்தையே எடுத்துக்கொள்வோம். சராசரி ஆழம் 1.2 மீட்டர் என்றால் கொள்ளளவு 38,400 லிட்டர். மணிக்கு 10,000 லிட்டர் வீதம், குளத்தின் அளவுக்குச் சமமான தண்ணீர் ஃபில்டரைக் கடக்க 4 மணி நேரத்துக்கும் குறைவாகவே ஆகும். 8 மணி நேரம் ஓட்டினால் இரண்டு சுற்று. இந்த அளவு வீட்டுக் குளத்துக்கு அது போதும்.

மணல் அடைத்து வரத்து 6,000 லிட்டராகக் குறைந்தால், அதே 8 மணி நேரத்தில் ஒன்றேகால் சுற்றுதான் முடியும். ஆனால் மின்சாரச் செலவு அதே விகிதத்தில் குறையாது. அதாவது, கிட்டத்தட்ட அதே பில்லுக்கு 40 சதவீதம் குறைவான வேலை.

இங்கே பெரிய மோட்டார் போட்டால் என்ன ஆகும்? ஃபில்டரின் விட்டத்தைப் பொறுத்துதான் அது எவ்வளவு தண்ணீரை வடிகட்ட முடியும் என்பது முடிவாகிறது. 600 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஃபில்டரின் மணல் பரப்பு 0.28 சதுர மீட்டர். அதன் வழியே மணிக்கு 10,000 லிட்டர் போவதே நல்ல வேகம். அதைத் தாண்டித் தள்ளினால் தண்ணீர் மணலில் ஓட்டை போட்டுக்கொண்டு ஓடும், அழுக்கும் கூடவே குளத்துக்குத் திரும்பும். மீட்டர் அதிகமாகக் காட்டும், குளம் கலங்கலாகவே இருக்கும். மோட்டாரை மாற்றும் முன் குழாய், ஃபில்டர், கூடை மூன்றையும் பார்த்தாக வேண்டும் என்பது இதனால்தான்.

கரண்ட் பில்லைக் குறைக்க என்ன வழி?

1 எச்பி பம்ப் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 யூனிட் எடுக்கும். 8 மணி நேரம், 30 நாள் என்றால் 240 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தால் மாதம் 1,920 ரூபாய்.

வேகத்தை மாற்றக்கூடிய பம்ப்புகள் இதைக் கணிசமாகக் குறைக்கும். காரணம் எளிய இயற்பியல். இம்பெல்லரின் வேகத்தைப் பாதியாக்கினால் தண்ணீர் வரத்து பாதியாகும், அழுத்தம் நான்கில் ஒரு பங்காகும், தேவைப்படும் ஆற்றலோ எட்டில் ஒரு பங்காகிவிடும். பாதி வேகத்தில் இரண்டு மடங்கு நேரம், அதாவது 16 மணி நேரம் ஓட்டினால் அதே அளவு தண்ணீர் சுற்றிவிடும். கணக்குப்படி 8 யூனிட்டுக்குப் பதில் 2 யூனிட். மோட்டார் இழப்புகளையும் சேர்த்து 3 யூனிட் என்று வைத்தாலும் நாளுக்கு 5 யூனிட் மிச்சம், மாதம் 1,200 ரூபாய், ஆண்டுக்கு 14,400 ரூபாய். சாதாரண பம்ப்புக்கும் இதற்கும் உள்ள விலை வித்தியாசத்தை 14,400 ஆல் வகுத்தால், எத்தனை ஆண்டில் காசு திரும்பும் என்று தெரிந்துவிடும்.

ஒன்றை மறக்க வேண்டாம். வேகம் குறைந்தால் முள்ளும் இறங்கும். முழு வேகத்தில் 0.8 பார் காட்டிய மீட்டர் பாதி வேகத்தில் 0.2 பார் பக்கம் நிற்கலாம். அது பழுது அல்ல. எந்த வேகத்தில் எவ்வளவு என்று தனித்தனியாகக் குறித்து வையுங்கள். பேக்வாஷுக்கு முழு வேகம் வேண்டும்.

எந்தத் தவறுகள் உயிருக்கு ஆபத்து?

மின்சாரம்: 2023 டிசம்பரில் பெங்களூருவின் வர்த்தூர் பகுதியில், ஒரு அபார்ட்மென்ட் நீச்சல் குளத்தில் மின்சாரம் பாய்ந்து ஒரு சிறுமி உயிரிழந்தாள். அந்த வழக்கில் குடியிருப்போர் சங்க நிர்வாகிகள் உள்ளிட்டோர் கைது செய்யப்பட்டார்கள். சங்கப் பொறுப்பில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் மனதில் வைக்க வேண்டும். குளத்தின் பம்ப், விளக்கு இரண்டின் மின் இணைப்பிலும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தி, அது விழுகிறதா என்று பாருங்கள். நீருக்குள் இருக்கும் விளக்குகள் 12 வோல்ட்டாக, அதற்குரிய பாதுகாப்பு டிரான்ஸ்ஃபார்மரோடு இருக்க வேண்டும். "அடிக்கடி ட்ரிப் ஆகுது சார், அதான் பைபாஸ் பண்ணிட்டேன்" என்று யாராவது சொன்னால், அந்த நிமிடமே குளத்தை மூடுங்கள். அது ட்ரிப் ஆனதே எங்கோ மின்சாரம் கசிகிறது என்று சொல்லத்தான்.

உறிஞ்சும் சக்தி: தரையில் உள்ள டிரெய்ன் மூடி உடைந்திருந்தாலோ கழன்றிருந்தாலோ யாரையும் இறங்க விடாதீர்கள். பம்ப்பின் முழு இழுப்பும் ஒரே துளையில் வந்தால், ஒரு குழந்தையின் உடலையோ முடியையோ பிடித்துக்கொள்ளும். பெரியவர்களாலும் எளிதில் இழுக்க முடியாது. 2002இல் அமெரிக்காவில் 7 வயதுச் சிறுமி வர்ஜீனியா கிரேம் பேக்கர் இப்படித்தான் உயிரிழந்தாள். அவள் பெயரிலேயே 2007இல் அங்கே சட்டம் வந்து, பொதுக் குளங்களுக்குப் பாதுகாப்பான டிரெய்ன் மூடி கட்டாயமானது. ஒன்றுக்கொன்று தள்ளி இரண்டு டிரெய்ன்கள் இருப்பது நல்லது. பிரஷரைக் கூட்ட வேண்டும் என்று ஸ்கிம்மர் வால்வை மூடிவிட்டு மொத்த இழுப்பையும் ஒரே டிரெய்னுக்குக் கொடுப்பது மிக ஆபத்து. பம்ப் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ரசாயனம்: குளோரின் மாத்திரையை பம்ப் கூடைக்குள் போடும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. பம்ப் நிற்கும்போது அங்கே தேங்கும் கடும் குளோரின் தண்ணீர் சீல், இம்பெல்லர் எல்லாவற்றையும் அரிக்கும். வெவ்வேறு வகை குளோரினை ஒரே டப்பாவில் கலக்கவே கூடாது. டிசிசிஏ மாத்திரையும் கால்சியம் ஹைப்போகுளோரைட் பவுடரும் சேர்ந்தால் தீப்பிடிக்கலாம், வெடிக்கலாம். ஆசிட்டோடு சேர்ந்தால் விஷவாயு வரும். இவற்றை பம்ப் ரூமில் மின் போர்டு பக்கத்தில் வைக்காதீர்கள்.

எதை, எப்போது பார்க்க வேண்டும்?

தினமும்: நீர்மட்டம், முள்ளின் அளவு, பம்ப்பின் சத்தம். ஒரு நிமிட வேலை.

வாரம் ஒருமுறை: இரண்டு கூடைகள், ஓ ரிங், டிரெய்ன் மூடி. குளோரின், பிஹெச் இரண்டையும் டெஸ்ட் கிட்டால் வாரத்தில் சில முறையாவது பாருங்கள். பிஹெச் 7.2 முதல் 7.8 வரையிலும், குளோரின் 1 முதல் 3 பிபிஎம் வரையிலும் இருக்கட்டும்.

மாதம் ஒருமுறை: ஆர்சிசிபி டெஸ்ட் பட்டன், பம்ப்புக்கு அடியில் ஈரம் இருக்கிறதா என்ற சோதனை, கரண்ட் பில் ஒப்பீடு.

மழைக்காலத்துக்கு முன்: பம்ப் ரூமின் வடிகால், எர்த்திங், மோட்டார் தரையிலிருந்து உயரமாக இருக்கிறதா என்பது. வெள்ளம் புகுந்த மோட்டாரை எலக்ட்ரீஷியன் சோதிக்காமல் ஆன் செய்ய வேண்டாம்.

மோட்டார் சுற்றாமல் ரீங்காரம் மட்டும் போட்டால் உடனே அணையுங்கள். கப்பாசிட்டர் போயிருக்கலாம், இம்பெல்லர் சிக்கியிருக்கலாம். "திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்போம்" என்றால் காயில் எரிந்துவிடும்.

பராமரிப்பு ஒப்பந்தம் போடும்போது என்ன கேட்க வேண்டும்?

மூன்று கேள்விகள் போதும். தினசரி பிரஷர் அளவை எழுதி வைப்பீர்களா? பேக்வாஷ் முடிவை முள்ளைப் பார்த்து எடுப்பீர்களா, கிழமையைப் பார்த்தா? ஆர்சிசிபி சோதனையைத் தேதியோடு பதிவு செய்வீர்களா?

பதில் ஆம் என்றால், ஒரு ஷேர்டு ஷீட்டில் நான்கே பத்திகள் போடுங்கள்: தேதி, முள்ளின் அளவு, பேக்வாஷ் செய்தீர்களா, குறிப்பு. இரண்டு மாதங்கள் ஓடினால் உங்கள் ஃபில்டர் எத்தனை நாளில் அடைக்கிறது என்று தெரியும். அந்த இடைவெளி திடீரென்று பாதியாகக் குறைந்தால், மணலையும் குளத்தின் ரசாயன அளவையும் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. "மோட்டார் சின்னது சார்" என்று அடுத்த முறை யாராவது சொல்லும்போது, பதில் சொல்ல உங்களிடம் எண்கள் இருக்கும்.